பத்திக்கும் பத்திக்கும் இடையே

கட்டுரை என்ற சொல்லே தன் இலக்கணத்தைத் தானே கூறிவிடுகின்றது. கட்டப்பட்ட உரைதான் கட்டுரை. ஆயினும், நம் இளைஞர்கள் மீலாது விழாப் போட்டிகளுக்கும் மலர்களுக்கும் எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது, உரை இருக்கின்றது, கட்டு இல்லை என்றே சொல்லத் தோன்றுகின்றது. ஒவ்வொரு பத்தியும் தனியே நன்றாக இருக்கின்றது. நல்ல செய்தி, நல்ல மேற்கோள், பிழையற்ற தமிழ். ஆனால், ஒரு பத்தி முடிந்து மறு பத்தி தொடங்கும் இடத்தில் வாசகர் தடுக்கி விழுகின்றார். அந்த இடத்தைப் பற்றியே இங்குப் பேச விழைகின்றோம்.

எழுதுவோர் இக்குறையை உணராமலில்லை. உணர்ந்தே, 'மேலும்', 'அடுத்ததாக', 'இது ஒருபுறமிருக்க' என்ற சொற்களைப் பத்தியின் தலையில் வைக்கின்றனர். 'மேலும்' என்ற சொல் இன்னொன்று வருகின்றது என்று அறிவிக்குமேயன்றி, அது ஏன் இங்கே வருகின்றது என்று சொல்லாது. பத்திகளை இடம் மாற்றி அடுக்கிப் பாருங்கள். கட்டுரைக்குச் சேதம் ஏதும் வரவில்லையென்றால், அங்கே முன்பும் கட்டு இருந்ததில்லை என்பது தெளிவு.

ஜகாத் பற்றிய கட்டுரை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். முதற்பத்தி அது கடமை என்கின்றது. இரண்டாம் பத்தி, திருமறையின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் கூறும் எட்டு வகையினரைப் பட்டியலிடுகின்றது. மூன்றாம் பத்தி, 632ஆம் ஆண்டில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் ஜகாத் தர மறுத்தோரிடம் கலீபா அபூபக்கர் (ரலி) அவர்கள் காட்டிய உறுதியைக் கூறுகின்றது. நான்காம் பத்தி நம் ஊர் ஏழைகளிடம் வந்துவிடுகின்றது. நான்கும் உண்மை, நான்கும் தனித்தனித் தீவுகள்.

ஆனால், அந்த எட்டு வகையினருள் ஜகாத்தைத் திரட்டும் பணியாளரும் இருக்கின்றனரே! திரட்டுவோருக்கும் அதில் பங்கு உண்டென்றால், தனியொருவர் தம் கையால் கொடுப்பதோடு அமையாது, சமுதாயம் கூடித் திரட்டும் ஏற்பாடும் அங்கே சுட்டப்படுகின்றது. இதை இரண்டாம் பத்தியின் இறுதியில் சொல்லிவிட்டால், கலீபாவின் உறுதி தானாகவே அடுத்து வந்து நிற்கும். அந்த ஏற்பாடு குலைய அவர்கள் இடங்கொடுக்கவில்லை என்றதும், அத்தகைய ஏற்பாடு நம் மஹல்லாவில் உண்டா என்ற வினா நான்காம் பத்தியைத் திறந்துவிடும். புதிய செய்தி எதுவும் சேர்க்கப்படவில்லை. பட்டியலாய்க் கிடந்தது வாதமாகிவிட்டது, அவ்வளவே.

இந்தக் கலை நமக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், சூத்திரங்கள் ஒன்றோடொன்று இயையும் நிலையை நான்காகப் பகுத்தார். இடையறாது ஓடுவது ஆற்றொழுக்கு. முன்னும் பின்னும் நோக்குவது அரிமா நோக்கு. இடையே ஒன்றை விட்டுத் தாண்டுவது தவளைப் பாய்த்து. எங்கிருந்தோ இறங்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு அகல்வது பருந்தின் வீழ்வு. எல்லாம் ஆற்றொழுக்காகவே இருக்கவேண்டும் என்று அவர் விதிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாண்டலாம், ஆனால் எங்கே கால் ஊன்றுகின்றோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரும், ஓர் அதிகாரம் முன்னதன்பின் வைக்கப்பட்டதன் காரணத்தை அதன் தொடக்கத்திலேயே விளக்கிச் செல்கின்றார். வரிசையும் பொருளின் ஒரு பகுதியே என்பது அவர் கொள்கை.

வரிசையும் பொருளே என்ற இக்கொள்கை நம் மார்க்க அறிஞர்களிடம் தனிக் கலையாகவே வளர்ந்தது. திருமறையின் வசனங்களுக்கும் அத்தியாயங்களுக்கும் இடையேயுள்ள இயைபை ஆராய்வதற்கு அவர்கள் 'முனாஸபத்' என்று பெயரிட்டனர். 1480இல் மறைந்த இமாம் புர்ஹானுத்தீன் அல்-பிகாயீ அவர்கள் இதற்கெனவே 'நள்முத் துரர்' என்ற விரிவுரையை யாத்தார்கள். முத்துக்களைக் கோத்தல் என்பது அப்பெயரின் பொருள். நம் நாட்டின் மௌலானா ஹமீதுத்தீன் ஃபராஹி (1863–1930) அவர்களும் அத்தியாயந்தோறும் ஒரு மையக் கருத்தைத் தேடிக் கண்டார்கள். இயைபை அறுத்தால் விளையும் கேட்டுக்குச் சூரத்துல் மாஊனே சான்று. அதன் 4ஆம் வசனத்தை மட்டும் பிரித்தெடுத்தால், தொழுவோர் அனைவருக்கும் விடுத்த எச்சரிக்கையாகத் தோன்றும். 5ஆம் வசனத்திற்கு வந்த பின்னரே, தொழுகையில் அசட்டையாயிருப்போரைப் பற்றியது அது என்று விளங்கும். மேற்கோளைத் துண்டாக வெட்டிப் பத்தியில் ஒட்டும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

இணைப்புச் சொற்களே கூடாது என்பது நம் கருத்தன்று. ஜும்ஆ தோறும் குத்பாவில் நாம் கேட்கும் 'அம்மா பஃது' என்பது இணைப்புச் சொல்தான். இறைபுகழும் ஸலவாத்தும் நிறைவுற்றன, இனிப் பேசும் பொருள் என்று அது வாயிலைத் திறக்கின்றது. திருப்பம் பெரிதாயிருக்கும் இடத்தில் வருவதால்தான் அதற்கு அந்தக் கம்பீரம். 'ஆகவே' என்பதோ வெறும் வாயிலன்று. அது ஒரு வழக்கு. முன்பத்தி காரணம், பின்பத்தி முடிவு என்று எழுதுவோர் அங்கே சாட்சி கூறுகின்றார். காரணமில்லாத இடத்தில் அச்சொல்லை இட்டு நிரப்புவது நடைப்பிழை மட்டுமன்று, பொய்ச்சாட்சியும் ஆகும். வழுக்கிச் செல்லும் நடையில் மயங்கி வாசகர் அதை ஏற்றுக்கொள்வாராயின், பொறுப்பு எழுதியவரையே சாரும்.

வரலாறு எழுதுவோருக்குக் காலமே நாராகிவிடும். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர், சீறாப்புராணத்தின் 5,027 பாடல்களையும் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில் தொடுத்தார். பிறப்பு, நபித்துவம், ஹிஜ்ரத் என்று வாழ்வின் போக்கே அங்குத் தொடர்பு. கட்டுரையாளருக்கு அந்த வசதி இல்லை. அவர் தம் நாரைத் தாமே திரித்துக்கொள்ள வேண்டும்.

அதை எப்படித் திரிப்பது என்பதைச் சங்கரன்கோவில் நெசவாளரிடம் கேட்டறியலாம். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும், புதிய பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கின்றனர். இழை இடம் மாறினால் சேலையின் கோடு பிசகிவிடும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியத்தையும் அடுத்த பத்தியின் முதல் வாக்கியத்தையும் மட்டும் தனித்தாளில் எழுதிப் படித்துப் பாருங்கள். எந்த இழை எதனோடு சேர்ந்தது என்பது அங்கே புலப்பட்டுவிடும். சேராத இடத்தில் சொல்லைத் தேடாதீர்கள், சிந்தனையைத் தேடுங்கள். நம் எழுத்திலும் எண்ணத்திலும் இயைபை வல்ல இறைவன் அருள்வானாக!