நான் ஊர்வசி கட்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஊர்வசி கட்சி. நடுநிலை விமர்சனம் வேண்டுகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். சேனல் மாற்றிக்கொண்டிருக்கும்போது ‘மைக்கேல் மதன காமராஜன்’ கண்ணில் பட்டுவிட்டால், அடுப்பில் பால் பொங்கினாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். பாலக்காட்டுத் தமிழில் ஊர்வசியின் அந்தத் திருப்பு பேசப் பேச, கமலையே ஓரக்கண்ணால்தான் பார்க்கத் தோன்றும். ஆனாலும் ஐம்பதைத் தாண்டிய ஊர்வசிக்கு முன்னால் அந்தத் திருப்புவுக்கே இரண்டாம் இடம்தான் என்பேன். அடிக்க வராதீர்கள், காரணம் இருக்கிறது.

நம் சினிமாவில் நாயகிகள் அம்மாவாகிற கதை எல்லோருக்கும் தெரியும். 1952-இல் ‘பராசக்தி’யில் சிவாஜிக்கு ஜோடி பண்டரிபாய். 1969-இல் ‘தெய்வமகன்’ வந்தபோது அதே பண்டரிபாய் சிவாஜிக்கு அம்மா. அப்பா வேடத்திலும் வந்த சிவாஜிக்கு மனைவியும் அவரே என்பதால் ஏதோ கொஞ்சம் மரியாதை மிஞ்சியது. ஸ்ரீவித்யா விஷயம் இன்னும் மோசம். ‘அபூர்வ ராகங்கள்’ (1975) படத்தில் ரஜினி அவருக்குக் கணவர். ‘தளபதி’யில் (1991) மகன். இத்தனைக்கும் ரஜினியைவிட ஸ்ரீவித்யா வயதில் இளையவர்! நடிப்பில் அவர் ராட்சசி என்பதால் நாமும் கேள்வி கேட்காமல் அழுதுவிட்டு வந்தோம். மற்றபடி அம்மா என்றால் என்ன வேலை? இருமுவது, சாமி படத்துக்கு முன்னால் நின்று புலம்புவது, வில்லன் கையில் சிக்கி மகனுக்குக் கோபம் வரவழைப்பது. ஹீரோவின் பைக்குக்குக்கூட இதைவிட நல்ல காட்சிகள் கிடைக்கும்.

ஊர்வசியும் இந்த வயதுக் கணக்கிலிருந்து தப்பவில்லை. ‘சூரரைப் போற்று’வில் அவர் சூர்யாவுக்கு அம்மா, நிஜத்தில் ஆறு வயதுதான் மூத்தவர். ஆனால் பேச்சி என்கிற அந்த அம்மாவைப் பாருங்கள். அப்பாவின் கடைசி நேரத்துக்குள் வந்து சேர விமான டிக்கெட்டுக்குப் பணம் போதாமல், முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கையேந்தி, எல்லாம் முடிந்த பிறகு ஊர் வந்து சேர்கிறான் மகன். வழக்கமான சினிமா அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். பேச்சிக்கு வருவது ஆத்திரம். புருஷன் மகன் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டானே என்கிற ஆத்திரம். அந்த ஆத்திரத்துக்குள்ளேதான் பாசமும் கிடக்கிறது. பார்க்கிறவர்கள் தோண்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சாவு வீட்டில் இப்படிக் கத்துகிற பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், ஆனால் திரையில் பார்த்ததில்லை. அன்றைக்கு வீட்டு சோபாவில் நான் அழுத அழுகைக்கு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டாததுதான் ஆச்சரியம்.

இவரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். அம்மா வேஷம் கட்டியதும் மூளையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடவில்லை. 1983-இல் ‘முந்தானை முடிச்சு’ பரிமளத்திடம் இருந்த குறும்பும் பிடிவாதமும் அப்படியே இருக்கின்றன. முடிதான் கொஞ்சம் நரைத்திருக்கிறது. ‘வீட்ல விசேஷம்’ (2022) பார்த்தீர்களா? கல்யாண வயதில் மகனை வைத்துக்கொண்டு ஐம்பது வயதில் கர்ப்பமாகிறாள் ஒரு பெண். இந்தியில் ‘பதாய் ஹோ’வில் நீனா குப்தா செய்த பாத்திரம், அவரும் அருமை. ஊர்வசி அதற்குள் வேறொன்றைக் கொண்டுவருகிறார். ஊர் என்ன சொல்லுமோ என்கிற பயம், பிள்ளைகள் முகத்தைப் பார்க்கக் கூச்சம், அதற்கும் அடியில் ஒரு கள்ளச் சந்தோஷம். மூன்றும் ஒரே முகத்தில், ஒரே நேரத்தில்! மாமியாராக கே.பி.ஏ.சி. லலிதா. படம் வெளியாகும் முன்பே அவர் காலமாகிவிட்டார். இந்த இருவரையும் ஒரே அறையில் விட்டுவிட்டு கேமராவை ஆன் செய்தால் போதும், கதையே தேவையில்லை.

சுதா கொங்கராவின் ‘இளமை இதோ இதோ’வையும் விட்டுவிடக் கூடாது. ‘புத்தம் புதுக் காலை’ தொகுப்பில் வரும் குறும்படம். ஊரடங்கில் ஜெயராமும் ஊர்வசியும் ஒரே வீட்டில், காதலர்களாக. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் காதல் என்றாலே நம் படங்களில் கிண்டல்தான். இதில் அது நிஜமான காதல், சண்டையும் உண்டு.

சரி, இப்போது ‘உள்ளொழுக்கு’. கிறிஸ்டோ டோமி இயக்கி 2024-இல் வந்த மலையாளப் படம். சென்னையில் ஒரு தியேட்டரில் சப்டைட்டிலோடு பார்த்தேன். பாதிக்கு மேல் சப்டைட்டிலைப் படிக்கவே மறந்துபோனேன். குட்டநாட்டில் வெள்ளம். வீட்டுக்குள்ளேயே தண்ணீர். லீலம்மாவின் (ஊர்வசி) மகன் இறந்துவிட்டான், கல்லறைத் தோட்டமும் தண்ணீருக்கடியில், அதனால் அடக்கம் தள்ளித் தள்ளிப் போகிறது. குடும்பக் கல்லறையில்தான் வைக்க வேண்டும் என்று லீலம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். மருமகள் அஞ்சு (பார்வதி திருவோத்து) கர்ப்பமாக இருக்கிறாள். மகன் போய்விட்டான், அவன் ரத்தமாவது மிச்சமிருக்கிறதே என்று மாமியார் அந்த வயிற்றைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! ஆனால் குழந்தை மகனுடையது இல்லை. லீலம்மாவும் சுத்தமானவள் இல்லை, கல்யாணத்தின்போது அவளும் ஒன்றை மறைத்தவள்தான்.

மாமியார் என்றால் கொடுமைக்காரி, இல்லையென்றால் தெய்வம் என்றே பழகிய நமக்கு இந்த லீலம்மாவை எங்கே வைப்பதென்று தெரியாது. காரியம் ஆக வேண்டும் என்றால் குழைவாள், அடுத்த நிமிடம் இறுகிவிடுவாள். முழங்கால் தண்ணீரில் நடக்கும்போதுகூட அந்த முதுகில் ஒரு வீறாப்பு. பின்னால் நின்று பார்த்தாலே அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிகிறது. முதுகால் நடிக்கிறவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்?

இந்தப் படத்துக்காக 2023-ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகை விருது, ‘தடவு’ பீனா ஆர். சந்திரனோடு சேர்த்துக் கிடைத்தது. ஊர்வசிக்கு அது ஆறாவது முறை. 2025-இல் தேசிய விருது அறிவித்தார்கள், சிறந்த துணை நடிகை என்று. துணையா? யாருக்குத் துணை? படமே அவரும் பார்வதியும்தான்! நல்லவேளை, ஊர்வசி சும்மா இருக்கவில்லை. முதன்மை, துணை என்று எதை வைத்து அளக்கிறீர்கள், வயதானால் இதுதான் என்று கணக்கா என்று வெளிப்படையாகக் கேட்டார். வாயை மூடிக்கொண்டு வாங்கிப்போக இது பென்ஷன் பணமல்ல என்கிற பொருளிலும் பேசினார். நான் விசில் அடித்தேன், எனக்கு விசில் அடிக்க வராது என்பது வேறு விஷயம்.

‘ஜெ பேபி’ (2024) எனக்கு உயிர். சுரேஷ் மாரி தன் குடும்பத்தில் நடந்ததை வைத்து எடுத்த படம். பேபி (ஊர்வசி) என்கிற மனம் தடுமாறிய ஓர் அம்மா வீட்டை விட்டுப் போய் கொல்கத்தாவில் கிடைக்கிறாள், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மகன்கள் (தினேஷும் மாறனும்) சேர்ந்து அழைத்துவரப் போகிறார்கள். பேபி செய்கிற சேட்டைக்குச் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இது நோய் அல்லவா என்று உறைக்கிறது. அதற்குள் அவர் அடுத்த சேட்டைக்குப் போய்விடுகிறார், நமக்குக் குற்ற உணர்ச்சிக்குக்கூட நேரம் தருவதில்லை. திரைக்கதை சில இடங்களில் நொண்டத்தான் செய்கிறது. அம்மணி தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்.

இதுவரை எதையும் பார்க்காதவர்களுக்கு என் சிபாரிசு: வெள்ளிக்கிழமை இரவு ‘வீட்ல விசேஷம்’, குடும்பத்தோடு. சனிக்கிழமை ‘ஜெ பேபி’, முடிந்தால் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. ‘உள்ளொழுக்கு’ ஞாயிற்றுக்கிழமை காலையில், தனியாக. ராத்திரியில் வேண்டாம், தூக்கம் வராது. பார்த்த பிறகு எனக்கு போன் செய்யுங்கள், இன்னும் ஊர்வசியின் ‘அச்சுவின்டெ அம்ம’ படத்தைப் பற்றி நான் பேசவே ஆரம்பிக்கவில்லை.