அந்தமானைப் படம் பிடிப்பவர்கள்

எம்.வி. போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் புகைப்படங்களில் அந்தமான் பழங்குடியினர் ஒரு கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிற்கிறார்கள். கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். கட்டங்களை எண்ணினால் உயரம், தோள் அகலம், கை நீளம் எல்லாம் தெரிந்துவிடும். 1890களில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அவர் தொகுத்த படங்கள் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. இதே போர்ட்மன்தான் 1880இல் வட சென்டினல் தீவிலிருந்து ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்துக்கொண்டு போனவர். நோய் கண்டு பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப்பொருள்களோடு தீவில் இறக்கிவிட்டார்கள். சென்டினல்காரர்கள் இன்றைக்கும் அம்பெய்கிறார்களே என்று வியக்கிறவர்கள் இந்த ஒரு சம்பவத்தைப் படித்தால் போதும்.

1890இல்தான் கானன் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' வெளியானது. அதில் டோங்கா என்ற அந்தமான்காரன் ஊதுகுழலால் விஷமுள் எய்து கொலை செய்கிறான். ஹோம்ஸ் ஒரு புவியியல் அகராதியைத் திறந்து, இவர்கள் நரமாமிசம் தின்பவர்கள் என்று வாட்சனுக்கு வாசித்தும் காட்டுகிறார். அந்தமானியர் கையில் இருந்தது வில்தான். ஊதுகுழலும் விஷமுள்ளும் அவர்கள் வழக்கத்தில் இல்லாதவை. நாய்த்தலை மனிதர்கள் என்று மார்கோ போலோ கேள்விப்பட்டு எழுதியதிலிருந்து ஆறு நூற்றாண்டு ஓடியிருந்தும், கதைக்குத் தேவைப்பட்டது அதே பூச்சாண்டிதான்.

அந்தமானைப் படைப்பில் காட்டும் துறை என்று ஒன்றை வகுத்துக்கொண்டால், அதன் வேர் இந்த இரண்டிலும் இருக்கிறது: அளந்து பார்க்கும் கண் ஒன்று, பயந்து ரசிக்கும் கண் இன்னொன்று. பின்னால் வந்த சினிமா, நாவல், இணையத் தொடர், யூடியூப் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றையாவது கடன் வாங்கியிருக்கின்றன.

தமிழ் சினிமா தனக்கென்று மூன்றாவதாக ஒன்று வைத்திருந்தது. 1952இல் 'அந்தமான் கைதி', 1978இல் 'அந்தமான் காதலி', 1996இல் பிரியதர்ஷன் மலையாளத்தில் எடுத்து தமிழில் 'சிறைச்சாலை'யாக வந்த படம். தண்டனைக்கு ஒரு தீவு, காதலுக்கு ஒரு கடற்கரை, தேசபக்திக்கு ஒரு செல்லுலார் சிறை. தீவின் சொந்தக்காரர்கள் இவற்றில் கதையின் விளிம்பைத் தாண்டி வரவில்லை. 1906இல் கட்டி முடித்த சிறையைத் தெரியாத தமிழன் இல்லை. 1859 மே மாதம் அந்தமானியர் வில்லும் அம்புமாக பிரிட்டிஷ் குடியிருப்பைத் தாக்கிய அபர்தீன் போரை எத்தனை பேர் அறிவோம்? அந்தத் தாக்குதலை முன்கூட்டியே வெள்ளையருக்குக் காட்டிக்கொடுத்தவர் தூத்நாத் திவாரி. தண்டனைக் குடியிருப்பிலிருந்து தப்பி, அந்தமானியரிடம் அடைக்கலம் புகுந்து, அவர்கள் பெண்ணை மணந்து வாழ்ந்த சிப்பாய்க் கைதி. கைம்மாறாக அவருக்கு மன்னிப்பு கிடைத்தது. கர்ப்பிணி மனைவி காட்டிலேயே இருந்தார். ஒரு பெரிய படத்துக்கான கதை இது. ஆனால் வில்லன் நம்மவனாக இருப்பதால் தயாரிப்பாளர் கிடைப்பது கடினம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் கேமரா தீவுக்கு வெளியிலிருந்துதான் வந்தது. ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக பிரேம் வைத்யா எடுத்த 'மேன் இன் சர்ச் ஆஃப் மேன்' 1970களில் பெரிதும் பேசப்பட்ட ஆவணப்படம். 1974இல் வட சென்டினல் கரையை நெருங்கிய ஒரு படக்குழுவின் இயக்குநருக்குத் தொடையில் அம்பு பாய்ந்தது. எய்தவர் சிரித்துக்கொண்டே போய் ஒரு மரநிழலில் உட்கார்ந்துகொண்டார் என்கின்றன பதிவுகள். 'எங்களைப் படம் பிடிக்காதே' என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஜாரவாப் பழங்குடியினரின் கதை வேறு. அந்தமான் டிரங்க் ரோடு அவர்கள் காட்டைப் பிளந்துகொண்டு போகிறது. ஜிர்காடாங் செக்போஸ்டில் வண்டிகளை வரிசையாக நிறுத்திக் கான்வாயாக அனுப்புவார்கள். பாராடாங் சுண்ணாம்புக் குகையைப் பார்க்கப் போகிறோம் என்று புறப்படும் பயணிகளில் பலருக்கும் வழியில் ஜாரவா கண்ணில் படுவாரா என்பதுதான் எதிர்பார்ப்பு. சாலையின் சில பகுதிகளை மூடும்படி உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2012 ஜனவரியில் லண்டன் 'அப்சர்வர்' வெளியிட்ட காணொளியில், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் குரல் கேட்டது. நாடே கொதித்தது. கொதித்தவர்களும் அந்தக் காணொளியைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2012இல் கடுமையாக்கப்பட்டது. அதன்படி காப்புப் பகுதிக்குள் புகுந்து படமோ காணொளியோ எடுத்தால் மூன்றாண்டு வரை சிறை. அப்படியும் 2014இல் பிரெஞ்சுப் படக்காரர்கள் இருவர் ஜாரவாக் காட்டுக்குள் போய் ஆவணப்படம் எடுத்ததாக வழக்குப் பதிவானது. ஜாரவாக்களைக் காப்பாற்றவே எடுத்தோம் என்றார்கள். 2017இல் தேசிய பழங்குடியினர் ஆணையம், யூடியூபில் கிடக்கும் ஜாரவாக் காணொளிகளை நீக்க நடவடிக்கை எடுக்கும்படி உள்துறை அமைச்சகத்தையும் தீவு நிர்வாகத்தையும் கேட்டது. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்கர் மதம் பரப்பப் போய் வட சென்டினலில் உயிரிழந்தார். 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர், 24 வயது, ரப்பர் படகில் போய் இறங்கி ஒரு தேங்காயையும் ஒரு டயட் கோக் டின்னையும் கரையில் வைத்துவிட்டுத் திரும்பினார், கைதானார். போனவர் கையில் கேமராவும் இருந்தது.

தமிழ் யூடியூபின் பங்கு இதில் கொஞ்சமல்ல. 'உலகின் ஆபத்தான தீவு' என்று தம்ப்நெயில், சிவப்பு வட்டம், அதிரும் பின்னணி இசை. சென்டினல் மக்களின் உண்மையான படங்கள் மிகச் சில. 1991இல் மதுமாலா சட்டோபாத்யாய் போன்ற மானுடவியலாளர்கள் கடலுக்குள் நின்று தேங்காய் கொடுத்தபோது எடுத்தவை ஒரு பகுதி. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த ஒன்று: வெறும் மணல்வெளி, ஒற்றை மனிதர், வில்லை வானத்தை நோக்கி வளைத்துப் பிடித்திருக்கிறார். இத்தனை குறைவான சரக்கை வைத்துப் பத்து நிமிடக் காணொளி ஓட்ட முடியாது. அதனால் பப்புவா நியூ கினியின் முக ஓவியங்களும், ஆப்பிரிக்க நடனக்காரர்களும், இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்த சிவந்த கண்களும் சென்டினல்காரர்களாக வேஷம் கட்டுகின்றன. கறுத்த உடல் எதுவாக இருந்தாலும் போதும் என்ற இந்த அலட்சியத்துக்கு இனவாதம் என்றே பெயர். தன் தோல் நிறத்துக்காக வடக்கே கேலி கேட்டுக் குமுறுகிற தமிழர்கள் இதைச் செய்வது கூடுதல் வேதனை.

எழுத்தில் நிலைமை சற்றுத் தேவலை. பங்கஜ் சேக்சாரியாவின் 'தி லாஸ்ட் வேவ்' (2014) ஜாரவாக் காட்டை அழிக்கும் சாலையையும் மரவியாபாரத்தையும் உள்ளிருந்து தெரிந்தவர் எழுதிய நாவல். சுபாங்கி ஸ்வரூப்பின் 'லாட்டிட்யூட்ஸ் ஆஃப் லாங்கிங்' (2018) அழகான நாவல்தான், ஆனால் அதன் அந்தமானில் நிலமும் ஆவிகளும் மனிதர்களைவிடத் துலக்கமாகத் தெரிகின்றன. 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'காலா பானி' தொடர் ஓராகா என்று ஒரு கற்பனைப் பழங்குடியைப் படைத்தது. உண்மையான இனத்தின் பெயரைத் தொடாதது நேர்மை. கொள்ளைநோய்க்கான மருந்து அவர்களிடம் இருக்கிறது என்று கதையை நகர்த்தியதுதான் பழைய வழி: அவர்கள் பிழைத்திருப்பதற்கு நமக்குப் பயன்பட வேண்டும்.

என் கணக்கில் இத்துறையின் ஆகச் சிறந்த நூல் நாவலே இல்லை. மொழியியலாளர் அன்விதா அப்பி தொகுத்த கிரேட் அந்தமானியர் கதைகளும் பாடல்களும் 2021இல் 'வாய்சஸ் ஃப்ரம் த லாஸ்ட் ஹரைசன்' என்று வந்தன. போவா சீனியர், நாவோ ஜூனியர் என்று சொன்னவர்களின் பெயரோடு கதைகள் நிற்கின்றன. நாவோ 2009இல் போனார். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா 2010 ஜனவரியில் போனார். மறந்துபோன மொழியைக் கிளறிக் கிளறி எடுத்த அந்த உழைப்பில், பேசுகிறவரின் தடுமாற்றம்கூடப் பதிவாகியிருக்கிறது. போர்ட்மனின் கட்டத் திரைக்கு இதுதான் பதில்.

எல்லோரையும் காட்ட வேண்டும், எல்லோருக்கும் திரையில் இடம் வேண்டும் என்று உலகமெங்கும் இன்று எழும் குரலை அந்தமானுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. சென்டினல்காரர்கள் காணப்படாமல் இருக்க விரும்புகிறார்கள். அவர்கள் விஷயத்தில் படமில்லாமை ஒரு குறையாகாது. ஜாரவாக்கள் இடையில் நிற்கிறார்கள். 2025 ஜனவரியில் அவர்களில் 19 பேருக்கு வாக்காளர் அட்டை கிடைத்தது. வழிப்போக்கன் அவர்களைப் படமெடுத்தால் ஜெயில், அரசு எடுத்தால் குடியுரிமை. அவர்களிடம் யாராவது ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டு நகர்ந்து நிற்கிற நாள் வந்தால்தான் புதிய ஒரு வகை உண்டாகும்.

நிக்கோபாரியர் வேறு வகை. கல்வியும் தேவாலயமும் பழங்குடி மன்றமும் உள்ள சமூகம். கார் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் பைபிளை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தவர், முதல் மக்களவையின் நியமன உறுப்பினர். பாடகர் குழு அவர்களுக்கு மூச்சு மாதிரி. ஆனால் தீவுகளின் இணையம் பல ஆண்டுகள் செயற்கைக்கோளை நம்பித்தான் ஊர்ந்தது, ஒரு பாட்டை ஏற்றுவதே பெரும்பாடு. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. இன்று நிக்கோபாரிப் பாடல்களையும் ஹோடிப் படகுப் போட்டிகளையும் அவர்களே எடுத்துப் போடுகிறார்கள். வியூஸ் அதிகம் இருக்காது. தம்ப்நெயிலில் சிவப்பு வட்டமும் இருக்காது.

இதற்கு நடுவே 'மினி இந்தியா' என்ற சுற்றுலா வாசகத்துக்குள் காணாமல் போனவர்கள் உண்டு. 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட ஓராவ், முண்டா, காரியா மக்களை எல்லோரும் சேர்த்து 'ராஞ்சி' என்பார்கள். காட்டை வெட்டியதும் சாலை போட்டதும் அவர்கள் கைகள். சொந்த மண்ணில் பழங்குடி, தீவுகளில் அந்த அந்தஸ்து கிடையாது. 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய கரேன்கள், வங்க அகதிகள், மலபார் மாப்பிள்ளைகள் என்று பட்டியல் நீளும். கறுப்புத் தோலும் அம்பும் இல்லாததால் கன்டென்டுக்கு இவர்கள் லாயக்கில்லை.

தமிழரும் அந்தப் பட்டியலில்தான். 2011 கணக்கெடுப்பில் தீவு மக்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் இலங்கை மலையகத்திலிருந்து சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் அனுப்பப்பட்ட குடும்பங்கள். தேயிலைக்காக ஒரு தடவை கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ரப்பருக்காக இன்னொரு கடலைக் கடந்தார்கள். 2004 ஆழிப்பேரலை மிகக் கடுமையாகத் தாக்கிய தீவுகளில் கச்சாலும் ஒன்று. சென்னைக் கேபிள் அதன் பக்கத்துத் தீவான கமோர்ட்டாவில் கரையேறுகிறது. சென்டினலுக்குப் போவது குற்றம், நிக்கோபாருக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் கச்சாலில் வாழும் ஒருவரிடம் தமிழில் ஃபோன் போட்டுப் பேச எந்த யூடியூபருக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.