குகை திறந்த ஃபூட் துரையும் அவர் பார்க்காத பாலக்காடும்

இந்திய வரலாற்றுக்கு முந்தைய ஆய்வின் தந்தை என்று இராபர்ட் புரூஸ் ஃபூட் அவர்களைச் சொல்வது வழக்கம். 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கைக்கோடரியிலிருந்துதான் நம் நாட்டுப் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்குகிறது. அவர் 1912-இல் மறைந்த பிறகு, அவருடைய சேகரிப்பு பற்றிய குறிப்பு நூலை 1916-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. அந்த நூலின் பெருமையையும் குறையையும் பாலக்காட்டுக்காரன் கண்ணால் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அடியேன் கல்லூரிப் படி ஏறியவன் அல்லன், வெல்ல வியாபாரி. பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

முதலில் பெருமையைச் சொல்லிவிடுவோம். ஃபூட் 1858-இல் இந்திய நிலவியல் துறையில் சேர்ந்தவர். அப்போது ஐரோப்பாவில் குகை குகையாகத் தோண்டி ஆதி மனிதனின் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கர்நூல் பகுதியில், பேதம்சேர்லா அருகே பில்லசுர்கம் குகைகளில் எலும்புகள் கிடக்கின்றன என்று கேப்டன் நியூபோல்டு 1844-லேயே எழுதியிருந்தார். லண்டனிலிருந்து அறிஞர் ஹக்ஸ்லி தூண்ட, சென்னை கவர்னர் கிராண்ட் டஃப் ஃபூட்டை அங்கே அனுப்பினார். ஃபூட் தொடங்கிய வேலையை அவர் மகன் ஹென்றி தொடர்ந்தார். 1885 வரை நடந்த வேலை அது.

தேடிப் போனது ஆதி மனிதனின் எலும்புக்கூடு, அது கிட்டவில்லை. கிடைத்தவை ஏராளமான விலங்கு எலும்புகளும், செதுக்கிய எலும்புக் கருவிகளும். அவற்றோடு கல் கருவி கிடைக்காததால், அந்த எலும்புக் கருவிகளையே பின்னால் வந்த சிலர் சந்தேகப்பட்டார்கள். 1970-களில் எம்.எல்.கே. மூர்த்தி அதே வட்டாரத்தில் இன்னொரு குகையைத் தோண்டி, எலும்புக் கருவிகளையும் கல் கருவிகளையும் சேர்த்தே எடுத்தார். ஃபூட் சொன்னது சரிதான் என்று ஆயிற்று. அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள ஜ்வாலாபுரம் பாறை ஒதுக்கிடத்தில் 12,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனித மண்டையோட்டுத் துண்டுகள் கிடைத்த செய்தி 2009-இல் வெளிவந்தது. துரை தேடிய ஆள் அந்த வட்டாரத்தில்தான் இருந்திருக்கிறார்!

இனி குறை. கர்நூலில் மண்ணைத் தோண்டிப் பார்த்துப் பேசிய அதே ஃபூட், நம் மலையாளக் கரையைப் பற்றி அப்படித் தோண்டிப் பார்க்காமலே கருத்துச் சொன்னார். அடர்ந்த காட்டுக்கு அஞ்சி, பழைய கற்கால மனிதன் இந்தப் பக்கம் வரவே இல்லை என்பது அவர் எண்ணம். கன மழை, கருவி செய்ய ஏற்ற குவார்ட்சைட் கல் இல்லாமை என்று பின்னால் வந்தவர்கள் காரணம் சேர்த்தார்கள். எச்.டி. சங்காலியா போன்ற பேரறிஞரும் இதையே ஏற்றுக்கொண்டார். ஊகம் பாடமாகிவிட்டது.

ஒரு சின்ன விஷயத்தை யோசித்துப் பாருங்கள். வாளையார் பக்கம் மலைத்தொடர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. கோயம்புத்தூர்ச் சமவெளி வரை வந்த மனிதன், இந்தத் திறந்த வாசலில் நுழையாமலா திரும்பிப் போயிருப்பான்? எலும்பு கிடைக்காததற்கும் காரணம் உண்டு. கர்நூல் குகைகள் சுண்ணாம்புக் கல், எலும்பைக் காப்பாற்றும். நம் ஊர் மண் புளிப்பு மண். மழையும் சேர்ந்து எலும்பைக் கரைத்துவிடும்.

விடை 1970-களில் கிடைத்தது. பி. ராஜேந்திரன் என்ற ஆய்வாளர் பாலக்காடு மாவட்டத்துக் காஞ்ஞிரப்புழையில் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டுபிடித்தார். எந்தக் கல்லில் என்கிறீர்கள்? நம் வெங்கச்சங்கல்லில்! குவார்ட்சைட்டையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வெள்ளைக் கல் கருவியாகத் தெரியவில்லை. 1989-இல் அவர் இதைப் பற்றி நூலும் எழுதினார்.

இதில் என் சொந்தக் கதையும் உண்டு. 1980 வாக்கில், எனக்கு இருபது வயது. மண்ணார்க்காடு பக்கம் ஓர் ஓடைக்கரையில், விளிம்பு தட்டி எடுத்தாற்போல ஒரு வெங்கச்சங்கல் கிடைத்தது. படித்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். "கேரளாவுல கற்காலமே கிடையாதுப்பா, போய் வியாபாரத்தைப் பாரு" என்றார். வெட்கப்பட்டு அதை ரோட்டோரம் எறிந்துவிட்டேன். அது கருவியா, வெறும் கல்லா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கிடங்கைத் திறந்து பார்க்காமல் சரக்கு இல்லை என்று சொல்கிற கடைக்காரனை நாம் மதிப்போமா? புத்தகம் சொன்னால் மட்டும் ஏன் நம்பினேன்?

ஃபூட்டை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. எங்கள் சமணர்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. மலையில் குகையைக் கண்டால் உடனே "இது நம் முனிவர் இருந்த இடம்" என்று சொல்லிவிடுவோம். வெல்லம் வாங்க உடுமலை, சின்னாறு வழியாக இடுக்கி மாவட்டத்து மறையூர் போகும்போதெல்லாம் அங்கே முனியறைகளைப் பார்ப்பேன். பெயரைக் கேட்டு நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவை இரும்புக்கால மக்கள் தம் இறந்தோருக்காகப் பலகைக் கற்களால் எழுப்பியவை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பார்க்காமல் 'இல்லை' என்பது ஒரு பிழை. பார்க்காமல் 'எங்களுடையது' என்பதும் அதே பிழைதான்.

மறையூரில் பல முனியறைகளின் கற்கள் சரிந்தும் உடைந்தும் கிடக்கின்றன. பக்கத்தில் அட்டளை, எழுத்து அளை என்னும் பாறை ஒதுக்கிடங்களில் பழைய ஓவியங்களும் உண்டு. அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். கையால் தொட வேண்டாம், பெயர் கிறுக்க வேண்டாம். வழியில் தட்டிய விளிம்போடு ஒரு வெள்ளைக் கல் கண்ணில் பட்டால், கிடந்த இடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். நான் எறிந்தது போல் எறிந்துவிட வேண்டாம்.