குடும்ப ஜெபம்: நிலைத்திருப்பதும் திருந்துவதும்

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் குடும்ப ஜெபம் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். சாயங்காலமோ இரவோ பாய் விரித்து எல்லோரும் உட்காருவார்கள். ஒரு கீர்த்தனை, ஆளுக்கொரு வசனமாக ஒரு வேதபகுதி, பிறகு முழங்காலில் நின்று ஜெபம்.

இதன் பெரிய பலம், மனநிலையைக் கேட்காமல் நடப்பதுதான். மதியம் சண்டை போட்டவர்களும் இரவு ஒரே பாயில் உட்கார்ந்தாக வேண்டும். மனம் ஒட்டாத நாளிலும் வந்து உட்காரும் பழக்கம், உண்மையாயிருப்பதற்கு முதல் பயிற்சி. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும்போது பவுல் அவன் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். விசுவாசம் வீட்டு வழியாக வருவதைச் சபை தொடக்கத்திலேயே அறிந்திருந்தது.

குறைகளும் அதே பாயில்தான் இருக்கின்றன. நேரில் சொல்லத் தயங்கும் ஏச்சை அப்பா ஜெபத்தில் சேர்த்துவிடுவார்; கண்மூடியிருக்கும் மகன் பதில் சொல்ல முடியாது. வசனம் வாசிக்கலாம், அதைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்ற எழுதாத சட்டம் பல வீடுகளில் உண்டு. பக்தி வளரும் அளவுக்குப் பயமும் வளர்கிறது.

இதைவிடக் கனமானது சாதி. இந்த வீடுகளில் பாடப்படும் கீர்த்தனைகள் பலவற்றை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), சபைக்குள் சாதி வேறுபாடுகளை ஒழிக்க முனைந்த மிஷனரிமாரை எதிர்த்தவர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி கூடாது என்று கண்டிப்பாக எழுதியபோதும் தஞ்சையில் பலர் பணியவில்லை. பாட்டும் சாதியும் ஒரே வீட்டுச் சொத்தாகவே கைமாறின. இன்றும் தினமும் முழங்காலில் நிற்கும் வீடு, கல்யாணப் பேச்சு வந்ததும் சாதியை விசாரிக்கிறது. பொருளைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி, பாரம்பரியத்தைக் காட்டிப் பெற்றோரைக் கைவிட்ட கொர்பான் வழக்கத்தை இயேசு கண்டித்தது இதற்கும் பொருந்தும்.

அப்படியானால் வழக்கத்தையே விட்டுவிடலாமா? எரேமியா 35ஆம் அதிகாரத்து ரேகாபியர் வேறு வழி காட்டுகிறார்கள். தகப்பன் யோனதாபின் சொல்படி திராட்சரசம் குடிக்காமல், வீடு கட்டாமல், கூடாரங்களில் வாழ்ந்தவர்கள். நேபுகாத்நேச்சார் படையெடுத்து வந்தபோது எருசலேமுக்குள் குடிவந்தார்கள். அங்கேயும் குடிக்க மறுத்தார்கள். அவர்களுடைய கீழ்ப்படிதலைக் கடவுள் மெச்சினார். ஆனால் யூதா மக்களையும் கூடாரத்துக்குப் போகச் சொல்லவில்லை. தம் வார்த்தைக்கு அதே உறுதியோடு செவிகொடுக்கவில்லையே என்றுதான் அவர்களைக் கடிந்துகொண்டார்.

குடும்ப ஜெபத்துக்கும் இதே அளவுகோல் போதும். நிலைத்திருக்கக் கற்றுத்தருவதில் அதற்கு ஈடில்லை. எதில் நிலைத்திருக்கிறோம் என்பதை அது தானாகச் சொல்லித்தராது. வாசித்த வசனம்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும், அம்மா ஜெபத்தை நடத்தட்டும், வேலைக்கு வருகிறவரும் அதே பாயில் உட்காரட்டும். இவற்றுக்கு இடம்கொடுக்காத வீடு முன்னோருக்கு உண்மையாயிருக்கலாம். கிறிஸ்துவுக்கு உண்மையாயிருப்பதாகச் சொல்ல முடியாது.