பத்மினிக்கு மாருதி கார்புரேட்டர்: லாபமா, நட்டமா?

பழைய கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் பேச்சு எப்படியும் கார்புரேட்டரில் வந்து நிற்கும். பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர் என்றால் கேள்வி நேராகவே வரும்: "இன்னும் ஒரிஜினல்தானா, மாருதி போட்டாச்சா?" 1089 சிசி பத்மினி எஞ்சினில் மாருதி 800-இன் கார்புரேட்டரை ஏற்றுவது நம் பட்டறைகளுக்குப் புதிதில்லை. புதுப்பேட்டையில் தேடிப்பிடித்த ஒரு பழைய கார்புரேட்டர், லேத்தில் வெட்டிய அடாப்டர் பிளேட், மேலும் கீழும் கேஸ்கட், ஆக்சிலரேட்டர் இணைப்பில் சின்ன மாற்றம். மத்தியானம் கை வைத்தால் விளக்கு வைப்பதற்குள் வண்டி ஓடிவிடும். அது ஓடும் என்பதில் சந்தேகமில்லை. ஓடியபின் யாருக்குப் பாராட்டு போக வேண்டும் என்பதில்தான் எனக்குத் தகராறு.

முதலில் இந்த மாற்றத்துக்குச் சாதகமான பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். "800 சிசி வண்டியின் கார்புரேட்டர் 1100 சிசிக்கு எப்படிப் போதும்?" என்று கேட்பவர்கள் மொத்த சிசியை மட்டும் பார்க்கிறார்கள். மாருதியின் 796 சிசியை மூன்று சிலிண்டருக்கு வகுத்தால் தலைக்கு 265 சிசி. பத்மினியின் 1089-ஐ நான்கால் வகுத்தால் 272. ஒரு சிலிண்டர் ஒரு முறை மூச்சு இழுக்கும்போது கார்புரேட்டரின் தொண்டையில் பாயும் காற்று இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்மினி அதை அடிக்கடி இழுக்கிறது, அவ்வளவே. ஊருக்குள் மூன்றாவது கியரில் போகும்வரை இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நெடுஞ்சாலையில் எஞ்சின் 5000 சுற்றைத் தொடும்போது ஏட்டுக்கணக்கில் பத்மினி நிமிடத்துக்கு 2700 லிட்டருக்கு மேல் காற்று கேட்கும். மாருதி எஞ்சின் கேட்பது 2000-க்குக் கொஞ்சம் உள்ளே. அங்கே வண்டி மூச்சு முட்டும். ஆனால் இன்று பத்மினியை 5000 சுற்றில் விரட்டுபவர் யார்?

தொண்டை குறுகலாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. கார்புரேட்டர் பெட்ரோலை உறிஞ்சுவது, வென்சுரி என்கிற அந்தக் குறுகிய பகுதியில் காற்று வேகமெடுத்து அழுத்தம் குறைவதால். 24 மில்லிமீட்டர் வென்சுரிக்குப் பதில் 28 போட்டால் பரப்பு 36 சதவீதம் கூடும். அதே காற்று அதில் போகும்போது வேகம் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கீழே இறங்கும்; உறிஞ்சும் விசையோ கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். பெட்ரோல் நுண்துளியாகச் சிதறாமல் சொட்டுச் சொட்டாகப் போய் மேனிஃபோல்டின் சுவரில் ஒட்டும். ஆகவே "பெரிய கார்புரேட்டர் போட்டால் பவர் வரும்" என்ற நம்பிக்கையைவிட, சின்னதைப் போடும் நம் ஊர் வழக்கத்தில் விவரம் அதிகம் என்றே சொல்வேன். பெரியதைப் போட்டுத் தவறு செய்பவர் பவரையும் இழக்கிறார், பெட்ரோலையும் இழக்கிறார்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கார்புரேட்டரில் மெயின் ஜெட் ஒன்றுதான் ஓரளவு தானாகவே ஒத்துப்போகும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். மற்றவை அப்படியில்லை. ஐடிலிங் துளை, த்ரோட்டில் தகடு லேசாகத் திறக்கும்போது பெட்ரோல் தரும் சின்னத் துளைகள், ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் ஒரு பீச்சு பீச்சும் பம்ப், மேடு ஏறும்போது கலவையைக் கெட்டியாக்கும் வால்வு, எல்லாமே ஒரு குறிப்பிட்ட எஞ்சினின் வாக்குவத்தை வைத்து அளந்து செய்யப்பட்டவை. கேம் வேறு, வால்வு நேரம் வேறு, கம்ப்ரஷன் வேறு என்றால் அந்த அளவுகள் தப்பும். சிக்னலில் நின்று கிளம்பும்போது ஒரு நொடி வண்டி பின்வாங்குகிறதே, மெக்கானிக் பாஷையில் அந்த 'ஃப்ளாட் ஸ்பாட்', அது இங்கிருந்துதான் வருகிறது. அதைச் சரிசெய்ய ஜெட் மாற்றிப் பார்க்க வேண்டும், பம்பின் அளவைத் திருத்த வேண்டும், ஓட்டிப் பார்த்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் இந்தக் கட்டம் நடப்பதே இல்லை. ஐடிலிங் திருகைக் கூட்டி வைத்து வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இனி மைலேஜுக்கு வருவோம். மாற்றியவர்கள் பெருமையாகச் சொல்வது அதைத்தான்: முன்பு குடித்த பெட்ரோல் இப்போது குடிப்பதில்லை, ஐடிலிங் நிற்கிறது, காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எதோடு எதை ஒப்பிடுகிறார்கள்? நாற்பது வருடம் உழைத்துத் தேய்ந்த கார்புரேட்டரோடு, அவ்வளவாகத் தேயாத இன்னொன்றை. பழைய கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவை. அதில் சுழலும் த்ரோட்டில் ஸ்பிண்டில் எஃகு. ஒவ்வொரு மிதிப்புக்கும் ஸ்பிண்டில் ஒரே பக்கமாக இழுபட்டு, வட்டத் துளை முட்டை வடிவமாகிறது. அந்த இடுக்கு வழியே கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். அதை ஈடுகட்ட மெக்கானிக் கலவையைக் கூட்டுகிறார். ஐடிலிங் ஒருநாள் 600, மறுநாள் 1000. கரும்புகை, பெட்ரோல் நாற்றம், குறைந்த மைலேஜ். இந்த நிலையில் எந்தக் கார்புரேட்டரைப் போட்டாலும் வண்டி மேம்படத்தான் செய்யும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது.

இதைச் சோதிப்பது எளிது. எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது த்ரோட்டில் ஸ்பிண்டிலின் முனையை விரல்களால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கையில் ஆட்டம் தட்டினால், அசைக்கும்போது எஞ்சின் சத்தமும் மாறினால், குற்றவாளி அதுதான். வைத்தியம் ஒரு லேத் வேலை: துளையை நேராக்கி வெண்கலப் புஷ் அடித்து, புதிய ஸ்பிண்டில் போடுவது. கூடவே ஃப்ளோட் ஊசி, பம்ப் டயாஃப்ரம், கேஸ்கட் ஆகியவற்றை மாற்றினால் அந்தப் பழைய கார்புரேட்டர் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் புஷ் அடிக்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. மாற்று கார்புரேட்டர் இவ்வளவு பரவியதற்கு அதன் சிறப்பைவிட இந்தக் குறைவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

வெளிநாட்டுக் கார் ஆர்வலர்களும் இதே பாதையில் நடந்தவர்கள்தான். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின் பிஎம்சி நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது; அதே வரிசையின் 1798 சிசி எஞ்சின்தான் 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில். அதற்கு இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். எஸ்யூவில் தொண்டை நிலையானதல்ல. காற்றின் தேவைக்கேற்ப ஒரு பிஸ்டன் ஏறி இறங்கி, கூடவே ஓர் ஊசியைத் தூக்கி பெட்ரோலை அளந்து விடும். இரண்டையும் ஒன்றுக்கொன்று இசைவாக டியூன் செய்யப் பொறுமை வேண்டும். பொறுமையில்லாதவர்கள் அவற்றைக் கழற்றிவிட்டு வெபர் 32/36 ஒன்றைப் போட்டார்கள். ஃபோர்டின் கார்ட்டினா, கேப்ரி, பின்டோ கார்களில் வந்தது அது. முதல் குழல் 32 மில்லிமீட்டர், இரண்டாவது 36. மெதுவாகப் போகும்போது முதல் குழல் மட்டுமே திறந்திருக்கும். எம்ஜிபியின் சிலிண்டர் ஹெட்டிலோ நான்கு சிலிண்டருக்கு இரண்டே நுழைவாய்கள். வாய்க்கு ஒன்றாக இரண்டு எஸ்யூவும் நேராக ஊட்டின. அந்த இடத்தில் ஒற்றை வெபரைத் தவறான திசையில் உட்கார வைத்தால் இரண்டு சிலிண்டருக்குப் போதாமலும் இரண்டுக்கு மிஞ்சியும் போகும். பிளக்குகளைக் கழற்றினால் இரண்டு வெளுத்தும் இரண்டு கறுத்தும் இருக்கும்.

ஆனாலும் வெபரை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். 1975 முதல் அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபிகளில், அங்கத்திய புகைச் சட்டங்களுக்காக இரட்டை எஸ்யூ போய் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் வந்தது. வண்டியின் உயிரே போனது. அந்தக் கார்களில் வெபர் போட்டவர்கள் உண்மையிலேயே ஆதாயம் அடைந்தார்கள். தொழிற்சாலையில் வந்தது என்பதாலேயே ஒன்று உத்தமமாகிவிடாது. தொழிற்சாலைக்கும் நிர்ப்பந்தங்கள் இருந்தன. அமெரிக்காவின் ஹாட் ராட் இளைஞர்கள் ஃபோர்டு வி8 எஞ்சினில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் 97-ஐ எடுத்துவிட்டு இரண்டு, மூன்று என்று அடுக்கியதும் இந்த வகைதான். அவர்கள் கேம், ஹெட், புகைக்குழாய் என்று எஞ்சினையே மாற்றினார்கள். அதன்பின் கார்புரேட்டரும் மாறியது. எஞ்சினைத் தொடாமல் கார்புரேட்டரை மட்டும் மாற்றுவது வேறு சங்கதி.

மாற்றுபவர்கள் கண்டுகொள்ளாத ஒன்றிரண்டு ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவ அட்வான்ஸ் குழாயைச் சொருக புதுக் கார்புரேட்டரில் சரியான இடம் இல்லையென்றால் அதை அடைத்துவிடுகிறார்கள். வண்டி ஓடும், நிதானமாகப் போகும்போது கிடைக்க வேண்டிய மைலேஜ் போய்விடும். மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரை காரில் பொருத்தும் துணிச்சல்காரர்களும் உண்டு. அதன் ஃப்ளோட் ஊசி, டேங்கிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோலைத் தடுக்கும் அளவுக்கே செய்யப்பட்டது. காரின் பெட்ரோல் பம்ப் தள்ளும் அழுத்தத்தை அது தாங்காமல் பெட்ரோல் வழிந்தால், கீழே சூடான புகைக்குழாய் காத்திருக்கிறது. கை வேலையாக வளைத்த ஆக்சிலரேட்டர் இணைப்பு ஒருநாள் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளலாம். மைலேஜ் கணக்கில் இவையெல்லாம் வருவதில்லை.

ஒரிஜினல் கட்சிக்காரர்களுக்கும் ஒரு சேதி உண்டு. 2025-க்குள் நாடு முழுவதும் பெட்ரோல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. கலப்பற்ற பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 போதும். அன்றைய பெட்ரோலுக்காக அளந்த ஜெட் இன்றைய பெட்ரோலில் சுமார் 8 சதவீதம் போதாமல் ஊட்டுகிறது. எஞ்சின் சூடேறும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். பழைய ரப்பர் டயாஃப்ரமும் குழாய்களும் உப்பிப்போகும். ஆக, எதையுமே மாற்றாத பத்மினியிலும் இன்று இருப்பது பொருந்தாத கார்புரேட்டர்தான். ஒரு படி பெரிய ஜெட்டும் எத்தனால் தாங்கும் ரப்பரும் போடாமல் 'ஒரிஜினல்' என்று மார்தட்டுவதில் அர்த்தமில்லை.

எனக்குச் சம்மதமில்லாத ஒரே விஷயம், திரும்ப முடியாதபடி செய்வது. அடாப்டர் பிளேட்டோடு நின்றால் பரவாயில்லை. மேனிஃபோல்டின் வாயையே அறுத்துப் பெரிதாக்குவது, ஸ்டட் துளைகளை இடம் மாற்றுவது, கழற்றிய கார்புரேட்டரை எடைக்குப் போடுவது, இவை அடுத்து வரும் உரிமையாளரின் வழியையும் அடைத்துவிடுகின்றன. உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற டுரின் சாசனமும், செய்யும் மாற்றம் மீட்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறது. நம் அரசின் 2021 விதிகள் ஐம்பது வயது தாண்டிய, மூல வடிவில் பேணப்பட்ட வண்டிகளுக்குத்தான் 'விண்டேஜ்' பதிவு தருகின்றன. பத்மினிகளில் மூத்தவை அந்த வயதைத் தொட்டுவிட்டன.

ஆகவே மாருதி கார்புரேட்டர் போட நினைப்பவர் முதலில் தன் ஸ்பிண்டிலை அசைத்துப் பார்க்கட்டும். ஆட்டம் இருந்தால் புஷ் அடிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். பழையது உடைந்தோ வெடித்தோ உபயோகமற்றுப் போயிருந்தால் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் ஜெட் மாற்றி, பிளக் பார்த்து டியூன் செய்து தருவாரா என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே பேசி, அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். கழற்றிய கார்புரேட்டரைத் துடைத்து, எண்ணெய் தடவி, வண்டியின் நம்பரை எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள்.