முகவைக்குள் இருந்தது எது?

கண்ணாடி இழையைப் பிசின் விடாமல் பற்ற வேண்டும். வார்ப்பட மணல் உதிராமல் நிற்க வேண்டும். கண்ணாடிமேல் பூசிய பசை ஈரம் பட்டால் உரிந்துவிடக் கூடாது. இந்த வேலைகளுக்கெல்லாம் ஆலைகள் நம்பியிருக்கும் பொருள்களில் ஒன்று அமினோபுரொப்பைல் ட்ரைஈத்தாக்சிசிலேன். பெயர் நீளம் என்பதால் ஏபிடிஇஎஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். இதன் பாதுகாப்புத் தரவுத்தாளில் நீர்வாழ் உயிர்களுக்கென ஒரு பகுதி உண்டு. வரிக்குதிரை மீன்களில் பாதி 96 மணி நேரத்தில் சாவதற்கு லிட்டருக்கு 934 மில்லிகிராமுக்கும் மேல் வேண்டும். டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளுகளில் பாதி 48 மணி நேரத்தில் முடங்குவதற்கு 331 மில்லிகிராம் வேண்டும் என்று அங்கே இருக்கிறது. உலக அளவிலான வகைப்பாட்டு முறையில் 100 மில்லிகிராமைத் தாண்டினால் உடனடி நச்சுப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆகவே, மீனுக்குத் தீங்கு என்ற முத்திரை இல்லாமலேயே பீப்பாய் ஆலையை விட்டுப் புறப்படுகிறது.

இந்த முடிவு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எண்கள் எந்தப் பொருளைப் பற்றியவை என்பதுதான் என் கேள்வி.

சோதனையை அருகிலிருந்து பார்ப்போம். ஓஇசிடி என்னும் பன்னாட்டு அமைப்பின் 202-ஆம் வழிகாட்டி நெறிப்படி, பிறந்து 24 மணி நேரம் ஆகாத டாஃப்னியாக் குஞ்சுகளை எடுத்து, ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது இருபதாக, ஐந்தைந்தாகப் பிரித்து முகவைகளில் விடுகிறார்கள். வெப்பநிலை 18 முதல் 22 பாகைக்குள். இரண்டு நாள் உணவு கிடையாது. நேரம் வந்ததும் முகவையை மெல்ல அசைத்துவிட்டுப் பதினைந்து விநாடி பார்க்கிறார்கள். அதற்குள் நீந்தாத குஞ்சு முடங்கியதாகக் கணக்கு. இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் எந்த நாட்டு ஆய்வுக்கூடத்திலும் இதைத் திரும்பச் செய்து பார்க்க முடிகிறது, ஆயிரக்கணக்கான பொருள்களை ஒரே அளவுகோலில் நிறுத்த முடிகிறது. செலவு குறைவு, இரண்டே நாளில் விடை. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் ஒவ்வொரு உற்பத்தியாளரும் தமக்கு வசதியான முறையில் அளந்து தமக்கு வசதியான எண்ணைச் சொல்லியிருப்பார்கள். இந்த முறையின் பெருமை அது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் இந்த ஒழுங்கு, முகவையில் போட்ட பொருள் இரண்டு நாளும் அதே பொருளாக இருக்கும் என்று எண்ணி அமைத்தது. சிலேன் அப்படி இருப்பதில்லை. தண்ணீரைத் தொட்டதுமே அது நீராற்பகுப்பு அடைகிறது. ஏபிடிஇஎஸ்-இன் மூன்று ஈத்தாக்சி கைகளும் எத்தனாலாகக் கழன்றுவிட, மிஞ்சுவது சிலேன்ட்ரையால். நடுநிலையான, பிஎச் 7 உள்ள நீரில், ஏறத்தாழ 25 பாகை வெப்பத்தில் இதன் அரைவாழ்வுக் காலம் 8.5 மணி நேரம். பிஎச் 5-இல் 0.8 மணி, பிஎச் 9-இல் 0.15 மணி, அதாவது ஒன்பதே நிமிடம்.

இந்த மூன்று எண்களுக்குள் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இது ஓர் அமின். நீரில் கரைந்தால் பிஎச்சை உயர்த்தும். லிட்டருக்கு முந்நூறு மில்லிகிராம் போட்ட முகவையில் நீர் காரத்தன்மை அடையும்போது, அந்தக் காரமே சிலேனின் சிதைவை விரட்டுகிறது. அதிகச் செறிவுள்ள முகவையில் மூலப்பொருள் வேகமாக மறைகிறது, குறைந்த செறிவுள்ள முகவையில் மெதுவாக மறைகிறது. வரிசையாக வைத்த முகவைகளில் ஒரே பொருள் வெவ்வேறு அளவில் இருப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்க, உண்மையில் ஒவ்வொன்றிலும் இருப்பது வெவ்வேறு கலவை. குஞ்சுகள் முடங்கினால் சிலேனாலா, சிலேன்ட்ரையாலாலா, காரத்தாலா? பிஎச்சைச் சரிக்கட்டி இன்னொரு வரிசை வைத்துப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. குளோரோசிலேன்களில் இது இன்னும் வெளிப்படை. மெத்தில்ட்ரைகுளோரோசிலேன் நீரில் விழுந்த கணத்திலேயே உடைந்து, 100 கிராமுக்கு 73 கிராம் ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும். மீன் செத்தால் அமிலத்தால்தான் செத்தது.

கரைசலை எப்போது தயாரித்தார்கள் என்பதும் முடிவை மாற்றும். முந்தைய நாளே கலக்கி வைத்த கரைசலில் மீனை விட்டால் அது மூலச் சிலேனைச் சந்திப்பதே அரிது. கலக்கிய கையோடு விட்டு, தினமும் நீரையும் மாற்றினால், ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் சந்திக்கும். இரண்டையும் நெறிமுறைக்குள்ளேயே செய்ய இடமிருக்கிறது. கடினமான பொருள்களைச் சோதிப்பதற்கென்று ஓஇசிடி தனி வழிகாட்டி ஆவணமே வைத்திருக்கிறது. 23-ஆம் எண் கொண்ட அது 2000-இல் வந்து, 2019-இல் திருத்தப்பட்டது. நிலையற்ற பொருளை எப்படிக் கையாள்வது, எதை அளந்து பதிவது என்றெல்லாம் அது பேசுகிறது. அந்த அக்கறையில் எதுவும் தரவுத்தாளின் ஒற்றை வரிக்கு வந்து சேர்வதில்லை என்பதே என் ஆதங்கம்.

இதற்கு மறுப்பும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து ஆற்றை அடைவதற்குள் சிலேன் சிதைந்து முடிந்திருக்கும். மீன் சந்திக்கப்போவது சிலேன்ட்ரையாலைத்தான். அதையே சோதிப்பதில் என்ன பிழை? வழக்கமான கழிவைப் பொறுத்தவரை பிழையில்லை. பாலத்தில் லாரி கவிழ்ந்து சரக்கு நேராக ஆற்றில் கொட்டினால் முதல் சில மணி நேரம் வேறு கதை. அப்போது வேண்டிய எண் வேறு.

நான் அதிகம் கவலைப்படுவது மிஞ்சுகிற சிலேன்ட்ரையாலைப் பற்றி. மட்கும் சோதனையில் ஏபிடிஇஎஸ்-க்குக் கிடைத்தது 28 நாளில் 67 விழுக்காடு. ஓரளவு நன்றாகவே மட்குகிறது என்று தோன்றும். மூலக்கூறைப் பிரித்து எண்ணிப் பாருங்கள்: மொத்தம் ஒன்பது கார்பன், அதில் ஆறு எத்தனாலாகக் கழன்றுவிடுபவை. ஒன்பதில் ஆறு என்றால் 67 விழுக்காடு. நுண்ணுயிர்கள் தின்று தீர்த்தது எத்தனாலை. சிலிக்கானோடு ஒட்டிய மூன்று கார்பன் தொடப்படாமல் அப்படியே இருக்கிறது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். நீரில் நெடுநாள் தங்கப்போவது அதுதான் என்றால், இரண்டு நாள், நான்கு நாள் சோதனையைவிட, டாஃப்னியா குஞ்சு பொரிப்பதை 21 நாள் கவனிக்கும் 211-ஆம் நெறிச் சோதனைக்கே அதிக எடை தர வேண்டும். அதையும் முன்கூட்டியே கலக்கி வைத்த கரைசலில், சிலேன்ட்ரையாலை அளந்தபடி செய்ய வேண்டும்.

தரவுத்தாளில் 331 என்ற எண்ணுக்கு அருகே இன்னும் மூன்று சொல் போதும்: கரைசலின் வயது, தொடக்கத்திலும் முடிவிலும் பிஎச், அளந்து கண்ட செறிவா கணக்கில் போட்ட செறிவா என்பது. ஆய்வுக்கூடத்தின் குறிப்பேட்டில் இவை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.