குளவி நியாயம்

சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் நீண்ட கவிதையைக் கையெழுத்துப் பிரதியில் படித்துவிட்டு, தமிழில் இப்படியொரு கற்பனை இதுவரை வரவில்லை என்று நாலு பேர் முன்னிலையில் சொன்னேன். ஏழு கண்களும் கண்ணாடி வயிறும் கொண்ட பூச்சிகள் ஒரு நகரத்தைப் பிடித்துக்கொள்வது பற்றிய கவிதை. அந்த அபிப்பிராயத்தை இப்போது திரும்பப் பெறுகிறேன். கற்பனை அதிகமாகிவிட்டது என்பதால் அல்ல; போதவில்லை என்பதால்.

நம் கவிதைகளில் வரும் கற்பனைப் பூச்சிகள் பெரும்பாலும் கூட்டல் கணக்கில் பிறந்தவை. ஏழு கண் ஒரு விசித்திரமா? வீட்டுச் சுவரில் தாவித் திரியும் சிலந்திக்கு எட்டு. இந்தப் பூச்சிகளுக்கு உறுப்புகள் உண்டு, பசி இல்லை. எதைத் தின்கின்றன, எங்கே முட்டையிடுகின்றன என்று கேட்டால் கவிஞரிடம் பதில் இராது. காஃப்கா இந்த அபாயத்தை அறிந்தவர். 1915இல் 'உருமாற்றம்' வெளிவர இருந்தபோது, அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது என்று பதிப்பாளருக்கு எழுதினார். பூச்சியாக விழித்தவன் ரயிலுக்கு நேரமாகிவிட்டதே என்று பதறுகிறான். விசித்திரம் அங்கே இருக்கிறது.

நமக்கும் ஒரு பழைய கற்பனைப் பூச்சி உண்டு. குளவி ஒரு புழுவைக் கூட்டில் அடைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடுகிறதாம். பிரமர கீட நியாயம் என்பார்கள். ஜீவன் பிரம்மமாவதற்கு வேதாந்திகள் சொன்ன உவமை இது. குரு சீடனைத் தன்மயமாக்குவதற்கும் இதையே சொன்னார்கள்.

நடப்பது வேறு. பானை வடிவில் மண்கூடு கட்டும் குளவி, கூட்டின் கூரையிலிருந்து ஒரு மெல்லிய இழையில் தன் முட்டையைத் தொங்கவிடுகிறது. பிறகு புழுக்களைக் கொட்டி, சாகாமலும் நகர முடியாமலும் செய்து, உள்ளே அடுக்கி வாயை அடைக்கிறது. செத்தால் அழுகிவிடும் அல்லவா? முட்டையிலிருந்து வரும் இளம்புழு இவற்றை உயிரோடு தின்று வளர்ந்து, குளவியாகிக் கூட்டைத் துளைத்து வெளியேறுகிறது. வெளியே நின்று பார்த்தவனுக்குப் புழு போயிற்று, குளவி வந்தது, அவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபாபர் கூட்டைத் திறந்து பார்த்து எழுதிய அந்த ஒற்றை இழைக்கு ஈடாக நம் கற்பனைப் பூச்சிகளிடம் எதுவும் இல்லை.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில், கடையும் வீடும் ஒன்றாயிருந்த இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நிலைச் சட்டத்துக்கு மேல் அப்படியொரு மண்பானையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் பெரிது. உடைத்துப் பார்க்கக் கை நீட்டினேன். "அத்த ஒடைக்காத சார், எம் பொண்ணு முழுவாம கீது" என்றார் கடைக்கார அம்மா. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது நம்பிக்கை. கையை எடுத்துக்கொண்டேன். வேதாந்தியைவிட அந்த அம்மா உண்மைக்கு அருகில் இருக்கிறார். உள்ளே ஒரு பிறப்பு நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதன் விலையைத்தான் நம்பிக்கை சொல்வதில்லை.

குப்பத்தின் பெயரில் இருக்கும் ஒல்காட் பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். அருகே, சபையின் தோட்டத்தை ஒட்டிய கடற்கரையில்தான் 1909இல் லெட்பீட்டர், ஜே. கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனை உலக குருவாக வரப்போகிறவன் என்று கண்டெடுத்தார். இருபது வருஷம் கொட்டினார்கள். 1929இல் கிருஷ்ணமூர்த்தி, தம்மைத் தலைவராக வைத்து அமைத்த நட்சத்திரச் சங்கத்தைக் கலைத்துவிட்டுப் போனார். நியாயத்துக்கு அடங்காத புழு.

நம் சிறு வட்டத்துக்கு வருகிறேன். மூத்தவர் ஒருவரின் வாக்கியத்தை எழுதத் தொடங்கும் இளைஞனைப் பார்த்து, ஆளுமை உருவாகிறது என்கிறோம். கூட்டைத் திறந்து பார்ப்பதில்லை. நண்பரின் கவிதையை நான் புகழ்ந்ததற்குக் காரணம், அதில் என் கட்டுரைகளின் சொற்கள் இருந்ததுதான் என்று இப்போது எனக்குப் படுகிறது. அவருடைய ஆரம்பக் கவிதை ஒன்றில் மழை விட்ட இரவின் ஈசல்கள் இருந்தன. இறகை உதிர்த்துவிட்டு, ஒன்றன் பின் ஒன்றாக ஜோடி ஜோடியாய் அவை தரையில் நடந்து போவதை நேரில் பார்த்து எழுதியிருந்தார். வெறும் விவரணை என்று அதை ஒதுக்கியவன் நான்.

அந்த ஈசல்களுக்கு அவர் திரும்பிப் போக வேண்டும், என்னைக் கேட்காமல்.